கூட்டுப் பெருங்காயம்

பட்டியாலாவில் விடைபெறும்போது
டாக்டர் சோந்தி சிரித்தார்:
"அரிசி நாட்டுக்குப் போகிறாய், அதிர்ஷ்டக்காரி.
இனி நான் எதற்கு?"
கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை,
நடுவே அதைத் தொடாமல் பத்து வருஷம்.
சீலியாக் என்றால்
அங்கே மருந்துக்கடைப் பையனுக்கும் தெரியும்.
லட்டை நீட்டுகிறவர்கூட
பாதியில் கையை நிறுத்திக் கேட்பார்,
உனக்கு ஆகுமா என்று.

மண்டபம் கிளைக்கு மாற்றலான ஐந்தாம் மாதம்
நகம் வெளுத்தது.
கவுண்டரில் நோட்டு எண்ணும்போது
எழுபதுக்கு மேல் எண் தவறியது.
வயிறு, விடிகாலையில் கிளம்பாத விசைப்படகாக
நின்ற இடத்திலேயே உறுமியது.
தின்றதெல்லாம் சோறு, சாம்பார், ரசம், மீன்.

முதல் டாக்டர் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில்.
கோப்பைத் திறக்கவில்லை.
"கேஸ்தான்" என்று ஊசி போட்டார்.
இரண்டாமவர் திறந்தார்,
அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்து
எழுத்துக்கூட்டினார்.
"கோதுமை ஒத்துக்காது, அவ்வளவுதானே?
சப்பாத்தியை விடுங்க.
ஆசையா இருந்தா பரோட்டா சாப்பிடுங்க,
அது மைதாதான்."
முந்நூறு ரூபாய்.
மூன்றாமவர் என் கணவர் எங்கே என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில், உச்சிப்புளி தாண்டி,
சீமைக்கருவேலம் ஓடிக்கொண்டே இருந்தது.
மடியில் கோப்பு.
நாலு ஊர் முகவரியை அடித்தடித்து எழுதிய அட்டை.
பெயர் தெரியாத ஊரில் நோய் நோயாக இருப்பதில்லை.
அது பிகு.
வடக்கே இருந்து கொண்டுவந்த திமிர்.

மீன்காரி சகாயமேரிதான் சொன்னாள்,
நகரையைச் செதிள் சீவிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல்:
"கீழக்கரையில ஒரு பொம்பள டாக்டர் இருக்கு.
கோவப்படும். ஆனா காது கேக்கும்."

டாக்டர் மிஸ்ரியா
கோப்பை முதல் தாளிலிருந்து வாசித்தார்.
வெளியே இருபது பேர் இருமினார்கள்.
"படிச்சிருக்கேன். பார்த்தது ஒருத்தரைத்தான்,
அதுவும் பயிற்சிக் காலத்துல.
எனக்குப் போதுமான அளவு தெரியாது.
வியாழக்கிழமை வாங்க."

எந்த டாக்டர் வாயிலும்
தெரியாது என்ற சொல்லை
அதுவரை நான் கேட்டதில்லை.

வியாழன்.
மேசையில் அச்செடுத்த தாள்கள், பச்சை மையில் கோடுகள்.
ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்.
"சமையலைச் சொல்லுங்க. தாளிக்கிறதுல ஆரம்பிங்க."
எண்ணெய், கடுகு, வரமிளகாய், பெருங்காயம்...
"நில்லுங்க. என்ன பெருங்காயம்?"
மஞ்சள் டப்பா.
"அதுல என்ன கலந்திருக்குன்னு வாசிச்சீங்களா?"

பிஸ்கட் உறையை வாசித்தவள்.
மாத்திரை அட்டையை, பற்பசையை,
உதட்டுச் சாயத்தை வாசித்தவள்.
பட்டியாலாவில் ரசம் வைத்ததே இல்லை.
இங்கே வந்துதான்,
நம்ம பக்கம் வந்துவிட்டோமே என்று
மூன்று வேளையும் தாராளமாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவை விளக்கடியில் பிடித்தேன்.
எறும்பு அளவு எழுத்தில்
கோந்து, கோதுமை மாவு,
அப்புறம்தான் பெருங்காயம்.

அன்றைய ரசத்தில் ருசி இல்லை.
இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டேன்.

மதுரைத் தாள் வந்த நாள்
டாக்டர் மேசையில் தொதல் இருந்தது.
நர்சுக்கு ஒரு துண்டு, கம்பவுண்டருக்கு ஒன்று,
அழுத குழந்தைக்கு இரண்டு.
என் முறை வந்ததும் டப்பாவை மூடினார்.
"அரிசி மாவுதான். ஆனா மில்லுல அரைச்சது.
அதே கல்லுல கோதுமையும் அரைப்பாங்க."

மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.
பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து
என் நகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.